ஓசையடக்கமும் மொழிபெயர்ப்பும்: கணிப்பொறி விளம்பரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மொழிபெயர்ப்பு என்றவுடன் காப்பியங்களும் புதினங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. மொழிபெயர்ப்பைப் பாடமாகப் பயிலும் மாணவர்களும் கவிதையைப் பெயர்க்க இயலுமா, இயலாதா என்னும் வினாவையே பெரிதும் எதிர்கொள்கின்றனர். பட்டம் பெற்று வெளியேறிய பின் இதனைத் தொழிலாகக் கொள்வோர் கையில் வந்து சேர்வனவோ வேறு வகை எழுத்துகள். மின்கருவிப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் வரிகள், விலைப்பட்டியலின் விவரக் குறிப்புகள், விற்பனைத் துண்டறிக்கைகள் என அவை பலவாகும். இவற்றை எளியன என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஒரு சிறு துறையைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓசை குறைந்த கணிப்பொறிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் விற்பனைக் குறிப்புகள் பிரெஞ்சு மொழிக்குச் செல்லுங்கால் எழும் சிக்கல்களும், அவற்றிலிருந்து தமிழ் பெறத்தக்க பாடமும் இங்கு ஆராயப்படுகின்றன. பிரெஞ்சு நமக்கு அயல் என்று ஒதுக்கத்தக்க மொழியன்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, நம் தாம்பரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளது. அங்கு அம்மொழியும் தமிழும் நெடுங்காலம் அடுத்தடுத்து வழங்கி வந்துள்ளன.

ஓசை எழும் இடங்கள்

பொருளை அறியாது சொல்லைப் பெயர்த்தல் ஆகாது. ஆதலின் கணிப்பொறியில் ஓசை எங்கிருந்து எழுகின்றது என்பதை முதற்கண் காண்போம். கணிப்பொறியின் செயலி இயங்குங்கால் வெப்பம் உண்டாகின்றது. அதனை வெளியேற்ற ஒரு விசிறி சுழல்கின்றது. மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் ஒரு விசிறி உண்டு. பழைய வகை வன்தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழன்றுகொண்டே இருக்கும்; தரவைத் தேடுகையில் அதன் முனை முன்னும் பின்னும் நகர்ந்து கடகடக்கும். அண்மைக்கால மின்ம நினைவகத் தட்டுகளில் அசையும் உறுப்பே இல்லை. எனவே இவ்வோசையும் இல்லை.

விசிறியின் சுழற்சி வேகம் பாதியாகக் குறைந்தால் அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் தணியும் என்பது விசிறிப் பொறியியலின் பொதுக் கணக்கு. சிறிய விசிறியை விரைவாகச் சுழற்றுவதினும் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றி அதே அளவு காற்றைத் தள்ளுவது ஓசை குறையும் வழியாகும். ஓசை குறைந்த கணிப்பொறி என்பதன் நுட்பம் பெரும்பாலும் இவ்வளவே. இதற்கெனச் செலவு கூடுகின்றது. அச்செலவை வாங்குபவரே ஏற்கின்றார். ஓரறை வீட்டில் குழந்தை உறங்குகையில் இரவெல்லாம் கணிப்பொறியில் பணிபுரிவோர், விடுதியில் மூவர் நால்வராய்த் தங்கிப் பயிலும் மாணவர் ஆகியோர்க்கு இவ்வேறுபாடு மெய்யாகவே பயன் தருவது. எனவே பெட்டியின்மேல் உள்ள ஒரு சொல்லை நம்பி அவர்கள் கூடுதல் விலை கொடுக்கின்றனர் என்பதை மொழிபெயர்ப்பாளன் மறத்தல் கூடாது.

‘சைலண்ட்’ என்னும் சொல்

ஆங்கில விளம்பரங்கள் ‘சைலண்ட்’ என்னும் சொல்லைத் தாராளமாக வழங்குகின்றன. அகராதி இச்சொல்லுக்கு ‘ஓசையற்ற’ என்று பொருள் தரும். வழக்கிலோ அப்பொருள் இல்லை என்பதற்கு நம் ஊர்களிலேயே சான்றுகள் உள்ளன.

முதற் சான்று மின்னாக்கி. தமிழகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்க் கடைத்தெருக்களில் ‘சைலண்ட் ஜெனரேட்டர்’ என்னும் தொடர் எல்லோர் வாயிலும் பயின்றது. உறையிட்ட டீசல் மின்னாக்கிக்கு வழங்கிய பெயர் அது. இத்தகைய மின்னாக்கிகளுக்கு மைய அரசு 2002இல் அறிவித்த விதி, உறையின் புறத்தே 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபல் வரை ஓசையை இசைந்தது. ‘சைலண்ட்’ என்பதற்கு இங்கு ‘உறையற்றதினும் ஓசை குறைந்தது’ என்பதே பொருள்.

இரண்டாம் சான்று ஊர்தியின் புகைக்குழாயில் பொருத்தும் ‘சைலன்சர்’. அது வாயடைக்கும் கருவியன்று, ஓசையைத் தணிக்கும் கருவியே என்பதை ஜி.எஸ்.டி. சாலையோரம் வாழ்வோர் நாள்தோறும் செவியாற் காண்கின்றனர்.

மூன்றாம் சான்று சட்டத்திலேயே உள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமளிக்கின்றன. அம்மண்டலத்தில் பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் வரம்பாகும். குடியிருப்புப் பகுதிக்கு அவ்வரம்பு முறையே 55, 45 ஆகும். சட்டம் கூறும் ‘அமைதி’யும் ஓர் அளவே, ஓசையின் இன்மையன்று.

இம்மூன்றினாலும் பெறப்படுவது ஒன்று. வணிகத்திலும் சட்டத்திலும் ‘ஓசையின்மை’ என்பது ஓசையின் ஒரு படிநிலையைக் குறிக்கும் சொல்லாகும். எனவே அச்சொல்லைக் கண்டவுடன் அதற்கு நிகரான சொல்லைத் தேடாது, அதற்குப் பின்னுள்ள அளவைத் தேட வேண்டும். அளவு தெரிந்த பின்னரே சொல் அமைய வேண்டும்.

அளவும் அதன் பொறிகளும்

ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகாற் கூறப்படுகின்றது. செவியின் உணர்திறனுக்கேற்ப நிறுத்த அளவை டெசிபல் (ஏ) என எழுதுவர். இதன் கணக்கு நாம் அரிசி நிறுப்பது போன்றதன்று. தனித்தனியே 30 டெசிபல் ஓசை எழுப்பும் இரு விசிறிகள் சேர்ந்தால் 60 ஆகாது, 33 ஆகும். ஓசை 3 டெசிபல் குறைந்தால் ஒலித்திறன் பாதியாகும். எனினும் செவிக்கு அவ்வேறுபாடு சிறிதாகவே படும். ஏறத்தாழ 10 டெசிபல் குறைந்தாலே ஓசை பாதியாயிற்று எனச் செவி உணரும். ஆகவே ‘50 விழுக்காடு ஓசை குறைவு’ என்று விளம்பரம் கூறுங்கால் அது 3 டெசிபலைக் குறிக்கின்றதா, 10 டெசிபலைக் குறிக்கின்றதா என்பது அத்தொடரினின்று விளங்காது.

சுழி டெசிபல் என்பதும் ஓசையின்மை அன்று. மனிதச் செவி கேட்கத் தொடங்கும் எல்லையாகக் கொள்ளப்பட்ட அடிப்படை அளவு அது. சில கணிப்பொறி உறுப்புகளின் விளம்பரத்தில் ‘0 டெசிபல்’ என்று வருவது பெரும்பாலும் ‘வெப்பம் குறைந்த வேளையில் விசிறி நின்றுவிடும்’ என்பதன் சுருக்கமாகும். அதனைத் தமிழில் ‘ஓசை அறவே இல்லை’ எனப் பெயர்த்தால், வெயிற்காலப் பிற்பகலில் அவ்விசிறி சுழலத் தொடங்கும்போது மொழிபெயர்ப்புப் பொய்த்துவிடும்.

ஒலித்திறன், ஒலியழுத்தம் என்னும் இரண்டும் வேறு வேறு. கருவி வெளியிடும் மொத்த ஒலியாற்றலைச் சொல்வது ஒலித்திறன். அது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறாது. ஒலியழுத்தமோ தொலைவைப் பொறுத்து மாறும். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். இரண்டும் டெசிபலிலேயே கூறப்படுவதால், மொழிபெயர்ப்பாளன் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால் எண் சரியாக இருந்தும் செய்தி பிழையாகும். கணிப்பொறி முதலிய கருவிகளின் ஓசையை அளக்கவும் அறிவிக்கவும் அனைத்துலகத் தர அமைப்பு 1988லேயே 7779, 9296 என்னும் எண்ணுடைய தரங்களை வெளியிட்டது. பணிநிலை ஓசை, ஓய்வுநிலை ஓசை என்னும் பாகுபாடு அவற்றில் உண்டு. விளம்பரம் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் ஓய்வுநிலை அளவையே.

பிரெஞ்சு மொழியின் பட்டறிவு

பிரெஞ்சு மொழியில் ‘சிலான்சியே’ என்னும் ஒரு சொல்லே ‘ஓசையற்ற’ என்பதற்கும் ‘ஓசை குறைந்த’ என்பதற்கும் பொதுவாக வழங்குகின்றது. ஆங்கிலத்தில் ‘சைலண்ட்’, ‘குவையட்’ என இரு படிகளாக உள்ளவை பிரெஞ்சில் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலக் குறிப்பு ஓரிடத்தில் ‘குவையட்’ என்றும் அதனினும் உயர்ந்த வகையைச் ‘சைலண்ட்’ என்றும் கூறி விலையை ஏற்றினால், பிரெஞ்சு வாசகர்க்கு அவ்விரண்டின் வேறுபாடும் புலப்படாது. எனவே பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ‘மிகுதியும்’, ‘ஏறத்தாழ’ என்னும் பொருள் தரும் சொற்களைச் சேர்த்தும், ‘செவிக்குக் கேளாத’ என்னும் தனிச்சொல்லை ஆண்டும் படிகளை வேறுபடுத்த வேண்டியவராகின்றனர். ‘திஸ்க்ரே’ என்பது அவர்கட்குக் கிடைத்த நல்லதொரு சொல். அடக்கமுடையவர், பிறர் கவனத்தை ஈர்க்காதவர் என மனிதர்க்கு வழங்கும் அச்சொல்லைக் கருவிக்கும் ஏற்றி, ‘தான் இருப்பது தெரியாமல் இயங்குவது’ என்னும் பொருள்பட எழுதுகின்றனர்.

இன்னொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. ஆங்கில விவரக் குறிப்பு ‘இரைச்சல் அளவு’ என்னும் பொருள்படும் தொடரை ஆளுமிடத்தில், பிரெஞ்சு வழக்கு ‘நிவோ சொனோர்’, அஃதாவது ‘ஒலி அளவு’ என்றும் எழுதும். முன்னது குறையை ஒப்புக்கொள்வது போல் ஒலிக்கும். பின்னது நடுநிலையாய் ஒலிக்கும். எண்களிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் 24.5 என்று புள்ளியிட்டு எழுதுவதைப் பிரெஞ்சில் 24,5 என்று காற்புள்ளியிட்டு எழுதுவர். சொல்லைத் திருத்தி எண்ணை அப்படியே விட்டுவிடுவது தொழில் அறியாதார் செயலாகக் கருதப்படும்.

பிரெஞ்சு மொழி இவ்வகையில் பழக்கம் பெற்றதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1975ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1994ஆம் ஆண்டின் தூபோன் சட்டமும் பிரான்சில் விற்கும் பொருள்களின் பெயர், விவரிப்பு, பயன்படுத்தும் முறை, விளம்பரம் ஆகியவை பிரெஞ்சில் அமைவதைக் கட்டாயமாக்கின. கணிப்பொறிக்கு அவர்கள் வழங்கும் ‘ஓர்தினாத்தேர்’ என்னும் சொல்லும், 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை விற்பனைக்கென ஒரு பெயர் வேண்டியபோது இலத்தீன் பேராசிரியர் ழாக் பெரே பரிந்துரைத்ததேயாகும். ஒரு நிறுவனம் தன் விளம்பரத் தேவைக்காக மொழிப் பேராசிரியரை நாடியதும், அவர் தந்த சொல் நாட்டுச் சொல்லானதும் மொழித்துறையினராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

நம் நாட்டில் நிலை வேறு. 2011ஆம் ஆண்டின் பொதிந்த பண்டங்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் போதும். பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. எனவே தமிழில் விவரம் தருவது விற்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. கட்டாயம் இல்லாத இடத்தில், செய்யப்படும் சிலவேனும் செம்மையாக அமைதல் மேலும் இன்றியமையாததாகின்றது.

தமிழின் சொல்வளம்

ஓசையைக் குறிக்கும் சொற்களில் தமிழ் பெருவளம் உடையது. கலி, கம்பலை, அரவம், சும்மை, குரை, இமிழ், துவை, அதிர் என இருபதுக்கும் மேற்பட்ட சொற்களை நன்னூல் உரியியல் ஓசைப்பொருளனவாக ஒருங்கு தொகுக்கின்றது. தொல்காப்பியமும் உரியியலில் அரவப்பொருட் சொற்களையும் இசைப்பொருட் சொற்களையும் பிரித்துக் காட்டுகின்றது. இன்றைய வழக்கிலும் இரைச்சல், ரீங்காரம், முனகல், கீச்சொலி, கடகடப்பு எனப் பகுத்துரைக்க இயலும். ஆங்கிலக் குறிப்பு ஒரே சொல்லால் அடக்கிவிடும் இடத்தில் ‘விசிறியின் இரைச்சல்’, ‘மின்வழங்கியின் ரீங்காரம்’, ‘வன்தட்டின் கடகடப்பு’ எனத் தமிழ் தெளிவாகப் பிரித்துச் சொல்லும். மூலத்தினும் மொழிபெயர்ப்பு விளக்கமாக அமையத்தக்க இடம் இது.

ஓசைக் குறைவைச் சொல்வதிலோ கவனம் வேண்டும். ‘அமைதியான கணிப்பொறி’ என்று எழுதுவோர் உளர். அமைதியான ஊர், அமைதியான பிள்ளை என்பன இயல்பான வழக்குகள். அங்கெல்லாம் அமைதி என்பது பண்பும் ஒழுங்கும் சுட்டி நிற்கின்றது. பொறிக்கு அதனை அடையாக்கினால் சொல் நிற்கும், பொருள் தளரும். மௌனம் என்பது பேசும் ஆற்றலுடையார் பேசாதிருத்தல். நிசப்தம் என்பது இடத்திற்கும் பொழுதிற்கும் உரியது. ‘ஓசையற்ற’ என்பதோ முழு இன்மையைக் கூறுவது. தலைவியின் இடை சிறிது என்பதனை ‘இல்லை’ என்றே பாடுதல் புலவர் மரபு. அதனை நம்பி எவரும் பொருள் இழப்பதில்லை. விலை குறித்த பெட்டியின்மேல் அம்மரபு செல்லாது.

இவ்விடத்துத் தமிழின் இயல்பு ஒன்று துணை செய்கின்றது. ஆங்கிலம் பெயரடையால் உணர்த்தும் ஓசைக் குறைவைத் தமிழ் பெரிதும் வினையால் உணர்த்துகின்றது. ஊர் அடங்கிற்று, இரைச்சல் தணிந்தது, ஆரவாரம் ஓய்ந்தது, ஒலி அவிந்தது என்பன நம் வழக்குகள். இவ்வினைகள் யாவும் ‘முன்பு இருந்தது, இப்போது குறைந்தது’ என்னும் மாற்றத்தைத் தம்முள் கொண்டவை. எனவே ‘ஓசை அடங்கிய’, ‘இரைச்சல் தணிந்த’ என்னும் பெயரெச்சத் தொடர்கள் ஓசை அறவே இல்லை என்று பொய்யுரைப்பதில்லை. அதே வேளையில் புகழ்ச்சிக்கும் குறைவில்லை. ‘திஸ்க்ரே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நிகராகத் தமிழ் தரத்தக்கது இந்த ‘அடங்கிய’ என்னும் சொல்லே எனலாம்.

ஒப்புமையும் நிபந்தனையும்

ஆங்கில விளம்பரம் ‘இன்னும் ஓசை குறைந்தது’ என்னும் பொருள்பட ஓர் ஒப்புமைச் சொல்லை மட்டும் இட்டு, எதனினும் என்பதைச் சொல்லாது விடுவதுண்டு. அம்மொழியில் பெயரடையே ஒப்புமை விகுதி ஏற்பதால் அது இயல்கின்றது. தமிழில் பெயரடைக்கு அத்தகைய விகுதி இல்லை. ‘அதனினும்’ என ஐந்தாம் வேற்றுமை உருபேற்றோ, ‘அதனைவிட’ என இரண்டாம் வேற்றுமையோடு சொல்லுருபு பெற்றோ ஒப்பிடப்படும் பொருள் வெளிப்பட வேண்டும். எதனினும் என்று கேட்கும் கடமையை நம் இலக்கணமே மொழிபெயர்ப்பாளன்மேல் சுமத்துகின்றது. விடை கிடையாவிடில் ‘மிகவும்’ என்று மழுப்பாது, விளம்பரம் தந்தவரிடமே கேட்டறிதல் முறை.

‘வரை’ என்னும் சொல்லையும், ‘ஓய்வுநிலையில்’ என்னும் நிபந்தனையையும் விட்டுவிடுதல் மற்றொரு குறை. இடம் போதாமையால் முதலில் வெட்டப்படுபவை இச்சிறு சொற்களே. உண்மையோ பெரும்பாலும் இவற்றிலேயே தங்கியுள்ளது.

மாதிரி ஒன்று காண்போம். எந்நிறுவனத்திற்கும் உரியதல்லாத ஆங்கிலக் குறிப்பொன்று மூன்று செய்திகளைக் கூறுவதாகக் கொள்வோம்: கிசுகிசுப்பினை ஒத்த ஓசை, ஓய்வுநிலையில் 22 டெசிபல் வரை குறைவு, 50 விழுக்காடு வரை இன்னும் ஓசை குறைந்தது. ‘ஓசையே இல்லாத அமைதியான கணிப்பொறி! ஓசை 22 டெசிபல் மட்டுமே! 50 விழுக்காடு குறைவு!’ என்பது விரைந்து செய்த பெயர்ப்பு. முதற்றொடரை இரண்டாம் தொடரே மறுக்கின்றது; ‘வரை’ இரண்டிடத்தும் ஒழிந்தது; நிபந்தனை மறைந்தது. இதனையே, ‘காதருகே சொல்லும் இரகசியம்போல் ஓசை அடங்கிய கணிப்பொறி. ஓய்வுநிலையில் இதன் ஓசை 22 டெசிபல் வரை தணியும். எங்கள் முந்தைய வகையினும் 50 விழுக்காடு வரை குறைவு’ என அமைக்கலாம். ‘எங்கள் முந்தைய வகை’ என்பது விற்பவரைக் கேட்டறிந்து சேர்த்ததாகும். 50 விழுக்காடு ஒலித்திறனிலா, செவி உணர்விலா என்பதையும் உடன் கேட்டறிந்து எழுதுதல் நலம். புகழும் கெடவில்லை, பொய்யும் நுழையவில்லை.

பொருளின் தரத்தைத் திரித்துரைக்கும் விளம்பரத்திற்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தண்டம் விதிக்கின்றது. மூலத்தில் இல்லாத பொய் மொழிபெயர்ப்பில் புகுந்தால், ஆங்கிலம் அறிந்தவர் உண்மையைப் பெறத் தமிழ் மட்டும் அறிந்தவர் ஏமாறுவர். இவ்விருவரும் கொடுக்கும் விலையோ ஒன்றே.

நிறைவுரை

1967இல் தொடங்கிய ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய மணவை முஸ்தபா (1935–2017), ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளிவந்த அவ்விதழின் அறிவியற் செய்திகளைத் தமிழில் தர வேண்டிய கடமையாலேயே கலைச்சொல்லாக்கத்தில் ஆழ்ந்தார். கணினிக் கலைச்சொல் அகராதிகளையும் தந்தார். தேவையும் தொடர்ந்த உழைப்பும் இருப்பின் தமிழ் எப்பொருளையும் ஏற்கும் என்பதற்கு அவர் பணி சான்றாகும். அகராதி கலைச்சொல்லைத் தரும். ‘ஓசையற்ற’ என்பதா, ‘ஓசை அடங்கிய’ என்பதா என்னும் தெரிவை அது செய்து தராது; பொருளை அறிந்த மொழிபெயர்ப்பாளனே செய்தல் வேண்டும்.

இன்று கணிப்பொறியே நொடியில் மொழிபெயர்த்துத் தருகின்றது. அவ்வரைவைச் சரிபார்க்கும் பணி நம் மாணவர்க்கு வேலைவாய்ப்பாக வந்துகொண்டிருக்கின்றது. அப்பணியில் அமர்வோர் ஒவ்வொரு பண்புச் சொல்லையும் நிறுத்தி நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதன் அளவு யாது? எத்தொலைவில் அளந்தது? எந்நிலையில் அளந்தது? எதனோடு ஒப்பிட்டது? இந்நான்கிற்கும் விடை பெற்றபின் எழுதப்படும் தமிழ், விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் ஒருங்கே பயன்படும். மொழிபெயர்ப்புத் தாளில் கவிதைக்கு அருகே இத்தகைய விவரக் குறிப்பு ஒன்றையும் பயிற்சியாகச் சேர்ப்பின், உரியியலும் வேற்றுமையியலும் இன்றைய வாழ்வில் எங்கே பயன்படுகின்றன என்பதை மாணவர் தாமே உணர்வர்.